நாய் வாங்கும் முன் வீட்டை அளந்து பாருங்கள்

நாய்க்குட்டி வேண்டும் என்று வீட்டில் ஒரு முறையாவது கேட்காத பிள்ளைகள் குறைவு. "யார் பார்த்துக்கொள்வது?" என்று அம்மா கேட்பார். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உடனே பதில் வரும். பல வீடுகளில் யோசனை இத்துடன் முடிந்துவிடும். பிறகு நடக்கும் பேச்செல்லாம் எந்த ஜாதி, என்ன நிறம், என்ன விலை என்பதைப் பற்றித்தான்.

இப்படி வந்து சேரும் நாய்களில் பல, குட்டிப் பருவம் கழிந்ததும் மொட்டை மாடியில் நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கின்றன. சில, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்படுகின்றன. "கடிக்கிறது", "ஓயாமல் குரைக்கிறது", "வீட்டை நாசம் செய்கிறது" என்று காரணம் சொல்வார்கள். குற்றம் பெரும்பாலும் நாயுடையது அல்ல. அந்த நாயும் அந்த வீடும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

எல்லா வீட்டுக்கும் ஏற்ற நாய் என்று ஒன்று கிடையாது. இந்த வீட்டுக்கு ஏற்ற நாய் என்றுதான் உண்டு. அதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் நமக்கு நன்றாகவே உதவும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரே குடும்பம், ஆயிரம் உருவம்

நாயின் மூதாதை ஓநாய். மனிதன் முதன்முதலில் பழக்கிய பிராணி நாய்தான். ஆடு, மாடு, கோழி எல்லாம் பிறகு வந்தவை. 1914-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசெல் என்ற இடத்தில் கல் வெட்டியவர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் குழியில் ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன. அந்த நாயின் பற்களில் இருந்த தழும்புகளை ஆராய்ந்தவர்கள், அது குட்டியாக இருந்தபோது கடுமையான நோயில் பல வாரம் படுத்திருக்க வேண்டும் என்று 2018-ல் தெரிவித்தார்கள். யாரோ அதற்குத் தண்ணீர் கொடுத்து, சுத்தம் செய்து, பார்த்துக்கொண்டிராவிட்டால் அது பிழைத்திருக்காது. நாய் வளர்ப்பது என்றால் என்ன என்பதை அந்த ஆதி மனிதர்கள் அறிந்திருந்தார்கள் அல்லவா?

மூன்று கிலோகூட எடையில்லாத சிவாவாவும், ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கும் கிரேட் டேனும் உயிரியலின்படி ஒரே இனம்தான். இரண்டுக்கும் 78 குரோமோசோம்கள். ஓநாய்க்கும் அதே 78. இன்று நாம் பெயர் சொல்லிக் கேட்கும் மேல்நாட்டு ஜாதிகளில் பெரும்பாலானவை இப்போதைய உருவத்தை அடைந்தது கடந்த 200 ஆண்டுகளுக்குள்தான். ஒரு வேலைக்கு எந்த நாய் நன்றாகப் பயன்பட்டதோ, அதையே தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்ப இனப்பெருக்கம் செய்ததால் இந்த வேறுபாடுகள் தோன்றின. எனவே ஒரு நாயைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது?" என்பதுதான்.

வேலை உடம்பில் தெரியும்

லாப்ரடாரை எடுத்துக்கொள்வோம். இதன் முன்னோர்கள் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களோடு குளிர்ந்த நீரில் வேலை செய்தவை. அதனால் தண்ணீர் ஒட்டாத அடர்ந்த ரோமம். நாளெல்லாம் ஓடியாடும் தெம்பு. பசியும் அதிகம். 2016-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது. பசி அடங்கியது என்று மூளைக்குச் சொல்லும் ஒரு ஜீன், ஆராய்ந்த லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் குறைபட்டிருந்தது. வாலை ஆட்டிக்கொண்டு மறுபடியும் தட்டருகே வந்து நிற்கும் லாப்ரடாருக்கு உண்மையிலேயே பசி அடங்காமல் இருக்கலாம். அளந்து போட்டு, தினமும் நடத்திச் செல்லாவிட்டால் அது பெருத்துவிடும், மூட்டுகள் கெடும்.

டாக்ஸ்ஹண்ட் என்ற குட்டைக்கால் நாய் ஜெர்மனியில் உருவானது. பூமிக்குள் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற பிராணியைத் துரத்தி வளைக்குள்ளேயே புகுவதற்காகக் கால்களைக் குட்டையாக்கினார்கள். ஆனால் காலைக் குட்டையாக்கிய ஜீன் மாற்றம் முதுகெலும்பின் வட்டுகளையும் சேர்த்துப் பலவீனமாக்கியது. மாடிப்படி அதிகமுள்ள வீட்டில், ஏறி இறங்கிக் குதிக்கும் டாக்ஸ்ஹண்டுக்கு முதுகு பாதிக்கப்படும் அபாயம் உண்டு.

நம் நாட்டு நாய்களைப் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாய் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றது. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த நாயின் படத்தை இந்திய அஞ்சல் துறை 2005-ல் தபால் தலையாக வெளியிட்டது. தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் உடையவை. முயலைத் துரத்திப் பிடிப்பதற்காக ஆனவை. தேனி மாவட்டத்துக் கோம்பை, செம்பழுப்பு நிறமும் கரிய முகவாயும் கொண்ட கெட்டி உடம்புக்காரன்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. இன்று வேட்டை குற்றம். வேலை போய்விட்டது, ஆனால் வேலைக்காக அமைந்த கால்களும் நுரையீரலும் அப்படியே இருக்கின்றன. நம் வெயிலுக்குப் பழகியவை, குட்டை ரோமம், பராமரிப்பு சுலபம் என்பதெல்லாம் இவற்றின் சிறப்பு. எனினும் ஓட இடமில்லாத வீட்டில் சிப்பிப்பாறையைக் கட்டிப்போடுவது, பந்தயக் குதிரையைத் திண்ணையில் கட்டுவது போன்றதுதான். பக்கத்து வீட்டுக் கோழியும் ஆட்டுக்குட்டியும் ஓடினால் இவை துரத்தாமல் இருப்பதும் கடினம்.

வெள்ளை நாய்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்காதில் சில நிறமிச் செல்கள் இருந்தால்தான் கேட்கும் திறன் சரியாக அமையும். உடம்பு முழுதும் நிறமற்ற நாய்களில் சிலவற்றுக்கு அங்கேயும் அந்தச் செல்கள் இல்லாமல் போய்விடும். குட்டி செவிடாகப் பிறக்கும். டால்மேஷியனிலும் ராஜபாளையத்திலும் இது தெரிந்த குறைபாடு. குட்டி தூங்கும்போது சற்றுத் தள்ளி நின்று கை தட்டிப் பாருங்கள். காதை அசைத்து விழித்தால் குறைந்தது ஒரு காதாவது கேட்கிறது என்று பொருள்.

வெயிலும் மூக்கும்

நமக்கு வெயிலில் உடம்பெல்லாம் வியர்க்கும். வியர்வை ஆவியாகும்போது உடம்பின் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஒரு கிராம் நீர் நம் தோலிலிருந்து ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை என்று பௌதிகப் பாடத்தின் உள்ளுறை வெப்பக் கணக்கிலிருந்து அறியலாம்.

நாய்க்கோ இந்த வசதி இல்லை. அதன் உடம்பைக் குளிர்விக்கும் அளவுக்கு வியர்ப்பது கிடையாது. பாதத்தின் அடியில் மட்டும் சிறிது வியர்க்கும். அதன் சாதாரண உடல் வெப்பமே 38-லிருந்து 39 டிகிரி சென்டிகிரேடு வரை. அது நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதை நாம் தாகம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் நாயின் குளிர்பதன இயந்திரம். வேகமாக உள்ளே போய் வரும் காற்று, நாக்கிலும் மூக்கினுள்ளும் உள்ள ஈரத்தை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றுகிறது. நீண்ட மூக்கின் உள்ளே சுருள் சுருளான மெல்லிய எலும்புத் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஈரச் சவ்வு படர்ந்திருப்பதால் ஆவியாகும் பரப்பு மிக அதிகம்.

இப்போது பக் நாயின் முகத்தைப் பாருங்கள். மூக்கு இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருக்கிறது. முகத்து எலும்பைக் குறுக்கிவிட்டார்கள். உள்ளே உள்ள சதையும் மெல்லண்ணமும் அதே அளவுக்குக் குறுகவில்லை. அவை மூச்சுக் குழலை அடைக்கின்றன. தூங்கும்போது பக் குறட்டை விடுவதை வேடிக்கையாகப் பார்க்கிறோம். அது மூச்சுக்குப் படும் பாடு. புல்டாக், பிரெஞ்சு புல்டாக் நாய்களுக்கும் இதே கதிதான்.

2003-ல் ஒரு செல்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே பக் ஒன்று நடந்து வந்தது. அதன் பின் நாடெங்கும் பக்குக்குக் கிராக்கி கூடியது. 40 டிகிரி வெயிலடிக்கும் வேலூரிலோ மதுரையிலோ பகலில் அந்தச் சிறுவனைப் போல அதை நடத்திச் சென்றால் என்ன ஆகும் என்று விளம்பரம் சொல்லவில்லை. நாயின் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரப்பசை அதிகம். ஈரம் ஆவியாவது தாமதமாகும். அங்கே வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் நாய்க்குத் துன்பம் குறைவதில்லை.

பனியில் வண்டி இழுக்கும் சைபீரியன் ஹஸ்கிக்கு இரட்டை ரோமம். அக்னி நட்சத்திரத்தில் அதை வளர்க்க வேண்டுமானால் நாள் முழுதும் ஏர்கண்டிஷனர் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால்? அதையும் யோசிக்க வேண்டும்.

குணம் ஜாதியில் இருக்கிறதா?

"இந்த ஜாதி நாய் குழந்தைகளிடம் அன்பாக இருக்கும்", "அந்த ஜாதி மூர்க்கமானது" என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இது எவ்வளவு தூரம் உண்மை? அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டும், 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் ஜீன்களைப் படித்தும் ஓர் ஆராய்ச்சி 2022-ல் வெளியாயிற்று. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே ஜாதியைக் கொண்டு விளக்க முடிந்தது. ஜாதிப் பெயர் உடம்பைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஒரு தனி நாயின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்கிறது.

அப்படியானால் குணத்தை அமைப்பது எது? தாய் தந்தையரிடமிருந்து வரும் சுபாவம் ஒன்று. மற்றொன்று, பிறந்த முதல் சில வாரங்கள். 1961-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பிரீட்மன், கிங், எலியட் ஆகியோர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். உயரமான வேலி போட்ட திடலில் நாய்க்குட்டிகளை மனிதர் முகமே தெரியாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை 2-ஆம் வாரத்திலும், சிலவற்றை 3, 5, 7, 9-ஆம் வாரங்களிலும் எடுத்து ஒரு வாரம் மனிதர்களுடன் பழகவிட்டார்கள். சில குட்டிகள் 14 வாரம் வரை மனிதரையே பார்க்கவில்லை. கடைசியில் சொன்ன இந்தக் குட்டிகள் காட்டு மிருகங்களைப் போல மனிதரைக் கண்டு அஞ்சின. பிறகு பழக்குவதும் கடினமாயிற்று.

ஏறக்குறைய 3-ஆம் வாரத்திலிருந்து 12-ஆம் வாரம் வரை குட்டியின் மனக்கதவு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இக்காலத்தில் குழந்தைகள், கிழவர்கள், மிக்சியின் சத்தம், மோட்டார் சைக்கிள், தாடிக்காரர், குடை பிடித்தவர் என்று எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, அதையெல்லாம் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளும். இருட்டுக் கூண்டில் இந்த வாரங்களைக் கழித்த குட்டி, எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், பயந்த நாயாக வளரக்கூடும். கடிக்கும் நாய்களில் பல, பயத்தினால் கடிப்பவைதான்.

தாயையும் உடன்பிறப்புகளையும் விட்டு மிகச் சீக்கிரம் பிரிப்பதும் தவறு. விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி அங்கேதான் கற்றுக்கொள்கிறது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது நம் நாட்டில் 2017-ல் வந்த விதி. கண் திறந்த கையோடு "இப்போதே எடுத்துப் போனால்தான் பழகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனவே குட்டியைப் பிறந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் அமைதியாக வந்து முகர்ந்தால் நல்ல அறிகுறி. கண்ணில் பீளை, மூக்கில் சளி, உப்பிய வயிறு, ரோமத்தில் உண்ணி இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

வீட்டின் கணக்கு

நாயைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டோம். இனி வீட்டை அளப்போம். ஒரு தாளில் இந்தக் கேள்விகளுக்கு வீட்டார் எல்லோரும் சேர்ந்து பதில் எழுதுங்கள்.

1. பகலில் வீடு எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது?

2. காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் நாயை நடத்திச் செல்லப் போவது யார்? அவருக்குப் பரீட்சை வந்தால் யார்?

3. வீட்டில் கைக்குழந்தையோ, நடை தளர்ந்த பாட்டி தாத்தாவோ உண்டா? அன்பால் பாய்ந்து வரும் 30 கிலோ நாய் ஒரு பாட்டியைக் கீழே தள்ளிவிடும்.

4. சாப்பாடு, தடுப்பூசி, பூச்சி மருந்து, எதிர்பாராத வைத்தியம் இவற்றுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்?

5. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே இருக்கும்?

6. வாடகை வீடானால் வீட்டுக்காரர் சம்மதம் உண்டா?

7. இன்னும் 12 ஆண்டுகள் இந்தப் பொறுப்பு தொடருமா?

ஏழாவது கேள்வி உங்களுக்கானது. நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் குட்டியை வாங்கினால், அதற்கு நான்கு வயதாகும்போது நீங்கள் கல்லூரி விடுதியில் இருப்பீர்கள். அது கிழ நாயாகும்போது நீங்கள் வேறு ஊரில் வேலையில் இருக்கலாம். பெரிய ஜாதி நாய்களுக்கு ஆயுள் குறைவு. கிரேட் டேன் பெரும்பாலும் 10 வயதை எட்டுவதில்லை. சிறிய நாய்கள் 14, 15 ஆண்டுகள்கூட வாழும்.

மூன்று வீடுகளை மாதிரிக்குப் பார்ப்போம். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் இரண்டு அறை பிளாட் ஒன்று. பகலில் எட்டு மணி நேரம் பூட்டு. இங்கே எந்தக் குட்டியும் தவிக்கும். நாய் வேண்டாம் என்பதே இங்கு சரியான விடை. பின்னால் நிலைமை மாறலாம். இரண்டாவது, ஓய்வு பெற்ற தாத்தாவும் சிறிய முற்றமும் உள்ள வீடு. அமைதியான சிறிய அல்லது நடுத்தர நாய் இதற்கு ஏற்றது. நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். வெயிலைத் தாங்கும், ஆனால் குரைப்பு அதிகம். அக்கம்பக்கம் பொறுக்குமானால் அது சரி. மூன்றாவது, வேலி போட்ட தோட்டம் உள்ள வீடு. எப்போதும் ஆள் இருக்கும். இங்கே ராஜபாளையமும் கோம்பையும் மகிழ்ச்சியாக வாழும்.

இந்த மூன்றில் கடைசி இரண்டு வீட்டுக்கும் பொருத்தமான இன்னொரு நாய் உண்டு. அதுதான் நம் தெரு நாய்க்குட்டி. பல தலைமுறைகளாக நம் வெயிலிலும் மழையிலும் தாக்குப்பிடித்தவற்றின் வாரிசு அது. நீண்ட மூக்கு, குட்டை ரோமம், அளவான உடம்பு. முதல் வாரங்களில் மனிதரோடு பழகிய குட்டியானால் எந்த ஜாதி நாய்க்கும் அது இளைத்ததல்ல.

உயிர் காக்கும் ஊசி

எந்த நாயானாலும் ஒரு விஷயத்தில் சலுகை கிடையாது. அது வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி. இந்த நோயின் வைரஸ் நாயின் உமிழ்நீரில் இருக்கும். கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அநேகமாக இல்லை. குட்டிக்கு மூன்று மாதமானதும் முதல் ஊசி போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல் போட வேண்டும். மற்ற நோய்களுக்கான ஊசிகள் இதற்கும் முன்பே, 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, அது வீட்டு நாயானாலும் சரி, குட்டியானாலும் சரி, காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அடிக்குப் பயந்து வீட்டில் மறைத்துவிடாதீர்கள். கைக்குழந்தையை எந்த நாயுடனும் தனியே விடாதிருப்பதும் இதே போன்ற விதிதான்.

பதினைந்து நாள் பரீட்சை

கடைசியாக ஒரு பரிசோதனை. இதற்கு நாய் தேவையில்லை. நாளை முதல் பதினைந்து நாட்கள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, ஒரு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்து வாருங்கள். மாலையிலும் அப்படியே. திரும்பி வந்ததும் வாசலைப் பெருக்கிக் கழுவுங்கள்; அது நாய் அசுத்தம் செய்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தைத் தினமும் இருமுறை துலக்கி நல்ல தண்ணீர் நிரப்பி வையுங்கள். நாய்க்குச் செலவாகும் என்று கணக்கிட்ட தொகையை ஓர் உண்டியலில் போட்டு வாருங்கள். மழை பெய்தாலும், கிரிக்கெட் ஆட்டம் இருந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் விடக்கூடாது. உங்களால் முடியாத நாளில் யார் செய்தார் என்பதை நோட்டில் குறியுங்கள்.

பதினாறாம் நாள் அந்த நோட்டை வீட்டார் எல்லோருமாகப் படியுங்கள். பக்கங்கள் நிறைந்திருந்தால், ஏழு கேள்விகளின் விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைப் போய்ப் பாருங்கள். எந்த நாய் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று அவர் சொல்வார். மூன்றாம் நாளே பக்கங்கள் வெறுமையாகிவிட்டால், நாய்க்குட்டியின் பேச்சை இரண்டு ஆண்டு தள்ளிப் போடுங்கள். உண்டியலில் சேர்ந்த பணம் வீணாகாது.